சிவப்புப் பொட்டு வைத்த சாப்பாட்டுப் பெட்டி

போன கிழமை எங்கள் பழைய வானொலித் திருத்தகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியது நிரோஜா, இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் பிள்ளை. கொழும்பிலிருந்து புதிய அளவைக் கருவி வந்திருக்கிறதாம். கம்பியைச் செருகினால் போதும், படகு வானொலிச் செட்டின் சாதகம் முழுக்கத் திரையில் வந்துவிடுமாம். அதற்கு இடம் பார்க்க அலுமாரியைத் துப்புரவாக்கியபோது பின்தட்டில் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி கிடந்திருக்கிறது. உள்ளே சோற்றுக்குப் பதிலாகக் கம்பியும் சின்னத் திரையும், ஒரு திருகின் தலையில் காய்ந்துபோன சிவப்புப் பொட்டும். எறியவோ ஐயா என்று கேட்டாள். எறிந்தால் உன்னோடு கதைக்கமாட்டேன் என்றேன். ஏன் என்றாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். இது அதுதான்.

நான் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த வீட்டுப் பிள்ளை. குளத்தையும் வாய்க்காலையும் தவிர வேறு தண்ணீர் எனக்கு ஒத்துவராது. நீந்தவும் தெரியாது. அப்படிப்பட்டவனுக்குக் கடற்படகுகளின் வானொலிச் செட்டுகளைத் திருத்தும் வேலை கிடைத்ததை ஊரே பகிடி பண்ணியது. தொழினுட்பக் கல்லூரி, பயிற்சி, நியமனம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. பிறகு சண்டை வந்தது. கடலுக்கும் தடை, செட்டுக்கும் தடை. நாங்களும் ஊர் ஊராக அலைந்தோம். எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வயலில் பற்றை மண்டிக் கிடந்தது, வீட்டுக்குக் கூரை இல்லை, ஆனால் மன்னார்ப் பட்டினத்தில் என் வேலை மட்டும் இருந்தது. அதற்குக் காரணம் லெம்பேட் சேர். ஆட்கள் இல்லாத காலத்திலும் திருத்தகக் கந்தோரின் கதவைத் திறந்து கூட்டி, வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்.

லெம்பேட் சேர் எங்கள் மேலதிகாரி. தீவுக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு நாளும் பிந்தமாட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடுகிறவராக இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும், நாங்களும் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அவரோ பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "அளந்தனீரோ?" என்று மட்டும் கேட்பார். அளக்காமல் ஒரு திருகையும் தொடக்கூடாது. தொட்டால், தொடுமுன் என்ன எண், தொட்டபின் என்ன எண் என்று வாயால் சொல்லவேண்டும். இரும்புத் திருகுகோலை எடுக்கவே விடமாட்டார், இரும்பு கிட்டப் போனாலே எண் மாறிவிடும். பல் துலக்கும் பிரஷின் காம்பைத் தீட்டி அவரே செய்த கோல் ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். வேலை முடிந்ததும், படகின் உதறலில் திருகு அசையாமலிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பார். நல்ல சிவப்பு. கடைப் பெட்டைகள் சிரிப்பார்கள் என்று அதை வாங்க மனைவியைத்தான் அனுப்புவார். பொட்டு இருந்தால் அந்தச் செட்டுக்கு லெம்பேட் சேர் பொறுப்பு என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளிப் புத்தகத்தில் மீடிறன் என்று வருவது, ஒரு செக்கனுக்குள் எத்தனை அலை என்ற கணக்குத்தான். எல்லாப் படகுச் செட்டும் துறைமுகச் செட்டும் ஒரே மீடிறனில் நின்றால்தான் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கும். அந்தக் காலத்துச் செட்டுகளில் அது கொஞ்சம் விலகினால் குரல் தாரா வாத்து கத்துவதுபோல ஆகிவிடும். இன்னும் விலகினால் வெறும் இரைச்சல். அதைச் சரிசெய்ய மீடிறனை எண்ணும் மானி ஒன்று வேண்டும். எங்களிடம் இருந்தது சண்டைக் காலத்தில் காணாமற்போய்விட்டது.

புதியது வரும் வரும் என்று கொழும்பு சொல்லிக்கொண்டே இருந்தது. மீள்குடியேறிய சனங்களோ செட்டுகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். சேர் அளக்காமல் தொடமாட்டார், அளக்கக் கருவி இல்லை. செட்டுகள் தட்டில் அடுக்கிக் கிடந்தன. கடலுக்குப் போகிறவனைப் பார்த்துக் கருவி வரும்வரை பொறு என்று சொல்வது லேசான வேலை இல்லை. அதைச் சொல்லவேண்டியவன் நான். சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப்போனபின்தான் வீட்டில் ஒன்று செய்து பார்ப்போம் என்று தொடங்கினேன்.

மைக்ரோகொன்ட்ரோலர் என்பது விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப். நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை அது வரிசையாகச் செய்யும். விலையும் மலிவு. வாசலைத் திற, வருகிற அலைகளை எண்ணு, ஒரு செக்கன் முடிந்ததும் மூடு, எண்ணிக்கையைத் திரையில் காட்டு. இவ்வளவுதான் நான் அதனிடம் கேட்டது. இன்டர்நெட் கடையில் குந்தியிருந்து படித்து, பழைய கணினி ஒன்றில் கட்டளை எழுதினேன். சிப்பும் திரையும் கொழும்புக்குப் போய்வந்த ஒருவர் வாங்கி வந்தார். மிச்சமெல்லாம் செத்துப்போன தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து கழற்றியது. மூடி சரியாகப் பூட்டாத தன் சாப்பாட்டுப் பெட்டியை என் மனைவி இராசமலர் தந்தாள். தந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் அதில் ஓட்டை போட்டபிறகுதான் அவளுக்குத் தெரியும்.

முதலில் அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டியது. எண்ணும் வேலையையும் காட்டும் வேலையையும் நான் ஒரே நேரத்தில் கொடுத்திருந்தேன். சோறு வடிக்கும்போது பிள்ளையைக் குளிக்க வார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி ஆகிவிட்டது. பிரித்துக் கொடுத்ததும் எண் அசையாமல் நின்றது. அசையாமல் நின்றால் சரியென்று ஆகிவிடாது. என் பெட்டியின் செக்கன் உண்மையான செக்கன்தானா என்று யார் சொல்வது?

அதற்கு இராசமலரின் ரேடியோதான் உதவியது. எங்கள் பக்கத்தில் அக்கரை நிலையம், தமிழ்நாட்டு வானொலி, பட்டப்பகலிலும் பக்கத்து வீட்டுச் சத்தம்போலக் கேட்கும். பெரிய நிலையங்கள் தங்கள் மீடிறனை விலகவிடுவதில்லை. அந்த நிலையத்தின் எண் எல்லோருக்கும் தெரிந்தது. சின்னதாக ஓர் அலை உண்டாக்கியைச் செய்து அவளுடைய ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாட்டோடு சேர்ந்து கீச்சென்று ஒரு விசில் வந்தது. என் அலை நிலையத்தின் அலைக்குக் கிட்டக் கிட்ட விசில் தணிந்துகொண்டே போய், கடைசியில் பாட்டு மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது. தன் பாட்டைக் கெடுத்ததற்காக ஏசிக்கொண்டு நின்ற இராசமலர் அப்போது, "இப்ப மூச்சு விடுது" என்றாள். அவள் காது என் காதைவிட நல்லது. மூச்சும் நின்றுவிட்டது என்று அவள் சொன்ன நேரம் என் அலையும் அக்கரை அலையும் ஒன்று. பெட்டியோ அந்த எண்ணுக்குச் சற்றுத் தள்ளிக் காட்டியது. பெட்டிக்குள் இருந்த திருகைத் திருப்பி அதே எண்ணுக்குக் கொண்டுவந்தேன். அன்று எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது. கூரை போட்ட அன்றுகூட அவ்வளவு வரவில்லை.

மறுநாள் பெட்டியைச் சேரின் மேசையில் வைத்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். "உம்மட பெட்டியை எது அளந்தது?" என்று கேட்டார். ரேடியோக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டில் செய்த சாமான் கந்தோருக்குள் வேண்டாம், கொண்டுபோம் என்று சொல்லிவிட்டார். பின்னேரம் வீட்டுக்குப் போய் அவரை நான் சொன்ன பெயர்களை இங்கே எழுதமுடியாது. இராசமலர் காதைப் பொத்தவில்லை, இன்னும் இரண்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஆனாலும் பெட்டியை வீட்டில் விட எனக்கு மனம் வரவில்லை. உண்மையான சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே பையில் வைத்துத் தினமும் கொண்டுபோவேன். என் வீடு பெருநிலத்தில், திருத்தகம் தீவில். நடுவே பாலத்தடியில் சோதனைச் சாவடி. ஒரு நாள் சிப்பாய் ஒருவன் பையைக் கிளறி, கம்பியும் மின்கலமுமாக இருந்த பெட்டியைத் திறந்துவிட்டான். தெரிந்த சிங்களத்தில் ரேடியோ ரேடியோ என்று சொல்லி, சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். எண் ஒளிர்ந்தது. அவனும் சின்ன வயசுதான். கொஞ்சநேரம் எண்ணையே பார்த்துவிட்டு, தன்னுடைய ரேடியோ பாடுவதில்லை, திருத்தித் தருவாயா என்று கேட்டான். திருத்திக் கொடுத்தேன். அதன்பிறகு மேலே இருந்த சோற்றை மட்டும் பார்த்துவிட்டு விடுவான். திருத்தகத்தில் சேர் மதியம் வீட்டுக்குப் போனதும் பெட்டியை எடுத்துச் செட்டுகளை அளப்பேன். திருகமாட்டேன். பிழை எவ்வளவு என்று தெரிந்தும் கைகட்டி இருப்பது பெரிய வயிற்றெரிச்சல்.

அந்த நாட்களில்தான் ஹமீது நானா வந்தார். நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். முசலிப் பக்கத்துக் கரையூர் ஒன்றுக்காரர். ஊரோடு இடம்பெயர்ந்து நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுக்குப் பழைய செட்டுகள் கொடுத்திருந்தது. அதில் ஒன்று பேசும் பக்கம் கருகிப்போய் விட்டதென்று பஸ்ஸில் கொண்டுவந்தார். மறுநாள் காலையில் விசாரிக்க வந்தவர் வாசலில் நிற்கும்போதே அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து சம்மாட்டி பேசினார். சம்மாட்டி என்றால் படகுகளுக்குச் சொந்தக்காரர், அந்த ஊருக்குப் பெரியவர். ஹமீது நானாவின் தம்பி ரஹீமின் படகு விடியற்புறம் எஞ்சின் நின்று, வாடைக் காற்றில் வெளியே இழுபடுகிறது. சம்மாட்டி வீட்டுச் செட்டில் அவன் குரல் கேட்கிறது, ஆனால் தேய்ந்துகொண்டு போகிறது.

நாங்கள் துறைமுகச் செட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவருக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. காலையிலிருந்து பக்கத்தில் ஏதோ தாரா கத்துகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் இடைக்கிடை வருகிறது, அது கொஞ்ச மாதமாகவே வருவதுதான், தாங்கள் கவனிப்பதில்லை என்றார். ஊர்ச் சின்னப் படகுகளால் அந்தக் காற்றில் வெளியே போய்த் திரும்பமுடியாது. இறங்குதுறையில் பெரிய எஞ்சின் படகு ஒன்று தேடப் புறப்பட ஆயத்தமாக நின்றது. ஆனால் ரஹீமிடம் திசை காட்டும் கருவி ஏதும் இல்லை. அவனோடு நேரே பேசினால்தான், எஞ்சின் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று அவன் சொல்லச் சொல்லக் கிட்டப் போகலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் சம்மாட்டி வீட்டுக்கும் அவன் குரல் எட்டாது.

"எங்கட ஊர்ல கேக்குதே, சேர். இங்க ஏன் கேக்கேல்லை?" என்றார் ஹமீது நானா.

லெம்பேட் சேர் கண்ணாடியைக் கழற்றவில்லை. செட்டுகள் வந்தபிறகு யாராவது உள்ளே திருகினார்களா என்று அமைதியாகக் கேட்டார். ஹமீது நானா மறைக்கவில்லை. தான்தான் திருகியதாகச் சொன்னார். வந்தபோது ஒரு செட்டின் பேச்சு மற்றதற்குப் புரியவில்லை. கடலுக்கு இறங்கும் நேரம், வலையின் கண், மீனின் பங்கு என்று அவர்கள் ஊரில் எல்லாம் சம்மாட்டி வீட்டைப் பார்த்துத்தான். ஆகவே சம்மாட்டியின் செட்டை அப்படியே விட்டு, மற்ற ஒவ்வொன்றையும் அதோடு பேசவைத்து, குரல் தெளியும்வரை திருகியிருக்கிறார். ஊருக்குள் கண்ணாடி மாதிரிக் கேட்டது. சம்மாட்டியின் செட்டே விலகி நிற்கலாம் என்று யார் நினைத்தார்கள்? அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் ஒரு சம்மாட்டியை நம்பித்தான் என் பெட்டியைச் சரிசெய்தேன். என் சம்மாட்டி அக்கரையில் சரியாக நின்றார், அவ்வளவுதான்.

அளக்காமல் எதுவும் சொல்லமுடியாது என்று சேர் சொல்வார், அதோடு எல்லாம் நின்றுவிடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். "உம்மட சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டாரும்" என்றார். நான் விழித்தேன். "கீழ இருக்கிற பெட்டி. அதுக்குள்ள சோறு இல்லையெண்டு எனக்குத் தெரியும்."

ஹமீது நானா கொண்டுவந்த செட்டுக்குப் பேசத்தான் முடியாதே தவிர, உள்ளே அலை உண்டாகும் பகுதி நன்றாகவே இருந்தது. பெட்டியின் கம்பியால் அதைத் தொட்டேன். எண் வந்து நின்றது. இருக்கவேண்டிய இடத்திலிருந்து வெகுவாகத் தள்ளி. இத்தனை மாதமாகத் துறைமுகத்தில் தாராச் சத்தமாகக் கேட்டது ஒரு முழு ஊரின் பேச்சு என்று அப்போது விளங்கியது. ஹமீது நானா தலையில் கைவைத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பியைத் தானே கொன்றுவிட்டதாகச் சொன்னார்.

சேர் அவருக்கு முன்னால் குனிந்தார். "நானா, இங்க பாருங்கோ. நீங்கள் ஆளுக்கொரு மாதிரித் திருகியிருந்தால் உங்கட தம்பி எங்க நிக்கிறார் எண்டு எங்களுக்குத் தெரியாது. எல்லாத்தையும் ஒரே இடத்தில வச்சிருக்கிறீங்கள். அதால இந்த ஒரு எண் போதும். எழும்புங்கோ."

இறங்குதுறைக்கு ஓடினோம். தேடப் போகும் படகின் செட் சரியான செட். சேரின் பழைய பொட்டு அதில் இருந்தது. அதைத்தான் இப்போது பிழையாக்க வேண்டும். படகோட்டி மறித்தார். அப்படிச் செய்தால் தனக்குக் கரையோடு பேசமுடியாதே என்றார். அது நியாயம். வேண்டியபோது திருப்பிச் சரியாக்கப் பெட்டியோடு ஓர் ஆள் படகில் வருவார் என்று சேர் சொன்னார். அந்த ஆள் யார் என்று நான் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் திருகப் போனேன். சேர் என் கையைத் தள்ளிவிட்டார். "பிழையாக்கிறது என்ர கையா இருக்கட்டும். நாளைக்கு ஆரும் கேட்டால் லெம்பேட் செய்தது எண்டு சொல்லும்." பிரஷ் காம்பை எடுத்துத் தன் பொட்டைத் தானே சுரண்டினார். நான் எண்ணை வாசிக்க வாசிக்க மயிரிழையாகத் திருகினார். எண் கிட்ட வந்தது, ஆனால் திருகு முட்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் போகவேண்டும், இடமில்லை. ஹமீது நானா வாய்க்குள் ஓதிக்கொண்டு நின்றார். சேர் சட்டைப் பையிலிருந்து மீடிறனை இன்னும் கொஞ்சம் இழுக்கவென்று நெல்மணி அளவில் ஒரு கப்பாசிற்றரை எடுத்துத் தந்தார். அதைக் குறுக்கே ஈயம் வைத்து ஒட்டினேன். இம்முறை எண் கடந்துபோனது. சேர் திருகை மறுபக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம். எண் நின்றது. நகப்பூச்சுப் போத்தலைத் திறந்தார்.

"பிழையான இடத்துக்குப் பொட்டு வைக்கிறீங்களே, சேர்" என்றேன். "கடல் உதறும்" என்றார். வைத்தார்.

அந்தப் பயணத்தை நான் விபரிக்கப்போவதில்லை. கட்டுக்கரைக்காரனை வாடைக் கடல் என்ன செய்யுமோ அதைச் செய்தது. சாப்பாட்டுப் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹமீது நானா விடாமல் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல். படகோட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். என் பெட்டி பொய் சொல்லியிருந்தால், அக்கரை நிலையம் பொய் சொல்லியிருந்தால், இராசமலரின் காது பொய் சொல்லியிருந்தால் என்று எனக்கு என்னென்னவோ ஓடியது. கடவுளே இந்த ஒரு தடவை என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது ஒரு குரல். சின்னதாக, ஆனால் பக்கத்தில் இருந்து பேசுவதுபோலத் தெளிவாக.

"நானா? சம்மாட்டி வீட்டில இருந்தா கதைக்கிறீங்கள்?"

படகோட்டி அவருடைய முதுகில் தட்டினார். "இல்லடா தம்பி" என்றார் ஹமீது நானா. "கடல்ல நிக்கிறன். உனக்குக் கிட்ட."

ரஹீமையும் அவனோடு போனவரையும் பொழுது சாயுமுன் ஏற்றிவிட்டோம். திரும்பும் வழியில், ஆடுகிற படகில் அந்தப் பொட்டைச் சுரண்டி, கப்பாசிற்றரைக் கழற்றி, செட்டைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்து துறைமுகத்தைக் கூப்பிட்டேன். மறுமுனையில் எடுத்தது சேர். வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றிருக்கிறார். ஆட்கள் வந்துவிட்டார்களா என்று கேட்டார். வந்துவிட்டார்கள் என்றேன். பிறகு, எண் என்ன என்று கேட்டார்.

அடுத்த கிழமை அந்த ஊர்ச் செட்டுகள் எல்லாம் உரப்பையில் கட்டி வந்து சேர்ந்தன. கடைசியாகத் தன் செட்டைச் சம்மாட்டியே கையில் கொண்டுவந்தார். வெள்ளைத் தொப்பி, மெலிந்த மனுசன். என் சாப்பாட்டுப் பெட்டி அன்று மேசைமேல் வெளிப்படையாக இருந்தது. நான் எண் வாசிக்க, சேர் திருகினார். பார்த்துக்கொண்டிருந்த சம்மாட்டி மெதுவாகக் கேட்டார்:

"இனி நாங்க கதைச்சா எல்லாருக்கும் கேக்குமா?"

"கேக்கும்" என்றார் சேர்.

சம்மாட்டியின் செட்டுக்குப் பொட்டு வைத்தார். பிறகு போத்தலை மூடாமல் என் பெட்டியை இழுத்து, அதன் திருகின் தலையிலும் ஒரு சொட்டு வைத்து ஊதினார்.

"அண்டைக்கு வேண்டாமெண்டது உம்மட கணக்குப் பிழையெண்டு இல்லை" என்றார், என்னைப் பார்க்காமல். "பாலத்தடியில உம்மை இதோட பிடிச்சு வச்சால், வந்து மீட்க என்னட்ட ஒரு வழியும் இருக்கேல்லை. அந்தப் பயம்தான். இனி இது கந்தோர்ச் சாமான். இங்கயே வச்சிட்டுப் போம். சோத்தை மட்டும் கொண்டுவாரும்."